கூடுவாய்த் தண்ணீரைக் கொல்லைச் செடிக்குத் திருப்புவது எப்படி

மழை வந்தால் எங்கள் அப்பத்தா வீடே பரபரக்கும். வளவு முற்றத்தின் நாலு மூலையிலும், இரண்டு பக்கத்து ஓட்டுச் சரிவும் சேர்கிற கூடுவாய்க்கு நேர் கீழே பித்தளை அண்டாவும் கிடாரமும் வைப்பதற்குத் தயாராக நிற்கும். ஆனால் மழை தொடங்கிய உடனே வைக்க விடமாட்டார். "ஓடு குளிச்சு முடிக்கட்டும்டா, அப்புறம் பிடிக்கலாம்" என்று தாழ்வாரத்தில் உட்கார்ந்து, விழுகிற தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டீத்தண்ணி மாதிரி விழுவது வெளுத்ததும் கையைக் காட்டுவார். வாயில் வேட்டித் துணி கட்டிய அண்டாவை நாங்கள் தள்ளி வைப்போம். ஒன்று நிறைந்தால் அடுத்தது. பாத்திரமெல்லாம் தீர்ந்த பிறகு விழுவது முற்றத்துச் சலதாரை வழியாகத் தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குப் போய்விடும்.

அந்த மாதிரி அண்டாக்களை இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில்தான் பார்க்க முடிகிறது. சரி, அது தனிக் கதை.

நான் சொல்லப்போகிற அமைப்பில் புதிதாக எதுவும் கிடையாது. அப்பத்தா செய்த மூன்றே வேலைதான்: அழுக்கை வெளியே விடுவது, நல்லதைப் பிடிப்பது, நிறைந்ததற்கு வழி காட்டுவது. அண்டாவுக்குப் பதில் நீல டிரம், அப்பத்தாவுக்குப் பதில் ஒரு பிவிசி டி, அதாவது T எழுத்து வடிவக் குழாய் இணைப்பு. நிறையப் பேர் நடு வேலையை மட்டும் செய்துவிட்டு, அதாவது ஒரு டிரம்மை வாங்கிக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, ஒரே மாதத்தில் நாற்றம், கொசு, சுவர் ஓரம் பள்ளம் என்று வெறுத்துப்போகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு தாங்கும்

முதலில் ஒரு ஆசையை விட்டுவிட வேண்டும். கார்த்திகையில் பிடித்த தண்ணீரைச் சித்திரை வெயிலில் செடிக்கு ஊற்றலாம் என்ற ஆசை. வீட்டில் வைக்கிற தொட்டியில் அது நடக்காது, ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நமக்குப் பழக்கம் சதுர அடிதான் என்பதால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 100 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். ஓடு உறிஞ்சுவது, தெறித்துப் போவது, முதல் கழுவலில் போவது எல்லாம் கழித்தால் 75 லிட்டர் கையில் நிற்கும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஐந்து குடம். கூரையின் அளவை ஓட்டின் மேல் ஏறிச் சரிவோடு அளக்க வேண்டாம். கூரை தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அந்த நீள அகலம் போதும்.

எங்கள் வீட்டு அடுப்படிச் சாய்ப்பு 12 அடிக்கு 25 அடி, ஆக 300 சதுர அடி. ஊரில் 5 செ.மீ. மழை என்று செய்தியில் சொல்கிற நாளில் அந்தச் சாய்ப்பிலிருந்து மட்டும் 1,100 லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். நம் காரைக்குடிப் பக்கம் ஆண்டு மழை ஏறக்குறைய 900 மி.மீ. என்பதால் வருஷம் முழுக்கக் கூட்டினால் 20,000 லிட்டர் வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாக வந்து கொட்டிவிடும். ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடித்துப் பெய்வது இன்னொரு பங்கு. மிச்ச மாதங்களில் வானம் அநேகமாக வெறும் வெளிச்சம்.

இந்தப் பக்கம் செலவைப் பாருங்கள். 200 சதுர அடியில் கத்தரி, வெண்டை, ஒரு பந்தல் புடலை வைத்திருந்தால் வெயில் நாளில் 75 லிட்டர் வேண்டும். மாசியிலிருந்து ஆனி வரை அதைத் தாங்க 11,000 லிட்டருக்கு மேல் பிடிக்கிற தொட்டி கட்ட வேண்டியிருக்கும், அந்தக் காசுக்குச் சந்தையில் பல வருஷம் காய் வாங்கிவிடலாம். ஆனால் 1,000 லிட்டர்த் தொட்டி பதின்மூன்று நாள் தாங்கும். மழைக்காலத்திலேயே இரண்டு மழைக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் வெயில் காய்ச்சுவது நம் ஊரில் சாதாரணம். ஆடிப் பட்டத்தில் போட்ட செடி வாடுவது அந்த இடைவெளியில்தான். தொட்டி வைப்பது அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு. அதனால் பிடித்த தண்ணீரைப் பத்திரப்படுத்திப் பூட்டி வைக்காதீர்கள். ஊற்றித் தீருங்கள், காலியாக இருக்கிற தொட்டியில்தான் அடுத்த மழையைப் பிடிக்க முடியும். சித்திரைக்கு வேண்டியதைக் கிணறு பார்த்துக்கொள்ளும், அதற்கும் ஒரு வழி கடைசியில் வருகிறது.

குடையோடு நின்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் கயிறாக விழுகிறது, எங்கே வெறும் சொட்டு என்று தெரியும். ஓட்டு வீட்டில் கூடுவாய்தான் ராஜா. இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கே வந்து சேர்வதால் குழாய்த் தகரமே இல்லாமல் அந்த ஒரு மூலையிலிருந்தே டிரம் நிறைந்துவிடும். மொட்டை மாடி வீடு என்றால் மாடியிலிருந்து இறங்குகிற பைப்பைப் பாருங்கள், 2003-ல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானபோது போட்ட பைப் பல வீடுகளில் அப்படியே நிற்கிறது, அது தரைக்குள் எங்கே போகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் அவரும் யோசிப்பார். அந்தப் பைப்பையே நடுவில் வெட்டித் தொட்டிக்குத் திருப்பிக்கொள்ளலாம், மிச்சத்தைப் பழைய வழியிலேயே விடலாம். மாடி வீட்டுக்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

மங்களூர் ஓடு, நாட்டு ஓடு, தகரம், தளம் எதிலிருந்தும் செடிக்குப் பிடிக்கலாம். புதிதாக வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்த மாடி என்றால் முதல் சில மழையை விட்டுவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்றால் அதில் துளை போடுவது, அறுப்பது எதுவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நான் அந்தக் கூரையிலிருந்து பிடிக்கவே இல்லை.

இன்னொன்று, ஓட்டின் மேல் ஏறுகிற ஆசை வேண்டாம். பாசி பிடித்த ஓடு வெண்ணெய் மாதிரி வழுக்கும், பழைய ஓடு காலடியில் உடையும், அதே அளவுக்கு வேறு ஓடு தேடி அலைய வேண்டும். எல்லா வேலையையும் ஏணியில் நின்றபடி இறவாணத்தோடு, அதாவது கூரையின் கீழ் விளிம்போடு, முடித்துக்கொள்ளலாம், ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

தகரம் மாட்டுவது

கூடுவாய் இல்லாத நேர்ச் சரிவுக்கு இறவாணம் நெடுக ஒரு வாய்க்கால் வேண்டும். தகர வேலை செய்கிறவரிடம் சொன்னால் ஜிஐ தகடை அரை வட்டமாகவோ பெட்டி மாதிரியோ மடித்துக் கொடுப்பார். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் 6 அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு வாய்க்கால். அறுப்பதற்கு முன் பைப்பின் மேல் சாக்குக்கட்டியால் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொள்ளுங்கள், கண்ணளவில் அறுத்தால் பாம்பு மாதிரி போகும். தகரக் கூரை என்றால் இன்னும் எளிது: 4 அங்குல பைப்பில் நெடுக ஒரே ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறலை விரித்துத் தகரத்தின் விளிம்பில் சொருகிவிட்டால் அதுவே கவ்விக்கொள்ளும், இரண்டு மூன்று இடத்தில் திருகாணி போட்டால் போதும்.

வாட்டம் முக்கியம். பத்தடிக்கு ஓர் அங்குலம் இறக்கம். அதற்கு மேல் கொடுத்தால் ஒரு முனையில் வாய்க்கால் ஓட்டு நுனியை விட்டு ரொம்பக் கீழே போய்விடும், வேகமாக விழுகிற தண்ணீர் தாண்டிக் குதிக்கும். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு சொம்புத் தண்ணீரை உயர்ந்த முனையில் ஊற்றிப் பாருங்கள், நடுவில் தேங்கி நின்றால் அந்தக் கிளாம்பைத் தூக்க வேண்டும். கிளாம்பு இரண்டு இரண்டரை அடிக்கு ஒன்று. பலர் நாலடிக்கு ஒன்று போட்டுவிடுகிறார்கள், வேப்பஞ்சருகும் தண்ணீரும் சேர்ந்த கனத்தில் வாய்க்கால் தொங்கிவிடும்.

வாய்க்காலின் விளிம்பு ஓட்டு நுனிக்கு வெளியே மூன்று அங்குலமாவது நீட்டியிருக்கட்டும், பெருமழையில் தண்ணீர் எட்டித்தான் விழும். இறங்கு குழாய் தொடங்குகிற வாயில் கோழி வலைத் துண்டை உருண்டையாகச் சுருட்டிச் சொருகிவிடுங்கள். தட்டையாக மூடினால் நாலு இலை ஒட்டியதும் அடைத்துக்கொள்ளும், உருண்டை என்றால் இலை அதன் மேல் ஏறி நிற்கும், பக்கவாட்டில் தண்ணீர் போகும்.

அப்பத்தாவின் வேலையைச் செய்கிற பைப்

இனி உயிர்நாடி. இரண்டு மாதம் வெயிலில் காய்ந்த ஓட்டின் மேல் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? செம்மண் புழுதி, வேப்பம்பூ, காய்ந்த பாசி, அணில் விட்டுச்சென்ற கொட்டை, புறா எச்சம், நம் ஊரில் கூடுதலாக மயில் எச்சம். முதல் மழை இதையெல்லாம் கரைத்துக்கொண்டுதான் இறங்கும். அது டிரம்முக்குள் போனால் பத்து நாளில் மூடியைத் திறக்க முடியாது.

இதற்கு இறங்கு குழாயில் ஒரு டி போட வேண்டும். மேலிருந்து வருகிற தண்ணீர் டியின் நேர் வழியில் கீழே விழட்டும். அந்தக் கீழ்ப்பகுதியின் நுனியை மூடிவிடுங்கள். டியின் பக்கக் கிளை தொட்டிக்குப் போகட்டும். மழை தொடங்கியதும் அழுக்குத் தண்ணீர் நேராக விழுந்து மூடிய குழாயில் நிறையும், அது நிறைந்த பிறகு வருகிற தண்ணீருக்குக் கீழே இடம் இல்லாததால் பக்கக் கிளை வழியாகத் தொட்டிக்குப் போகும். அவ்வளவுதான் சூட்சுமம். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம், பகலில் யாரும் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும்.

எவ்வளவு நீளம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓரடி குழாயை வைத்துவிட்டு முதல் கழுவல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரை மில்லிமீட்டர் மழையாவது கழுவிப் போக வேண்டும், மரத்தடிக் கூரை என்றால் ஒரு மில்லிமீட்டர். 300 சதுர அடிக்கு அது 14 முதல் 28 லிட்டர். 4 அங்குல பைப் அடிக்கு இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். சாய்ப்பின் உயரத்தில் பதினோரடி குழாயை நிறுத்த முடியாது இல்லையா, அதனால் ஆறடி நிற்க வைத்து, அடியில் ஒரு எல்போ போட்டு, மிச்ச ஐந்தடியைச் சுவரோரமாகப் படுக்க வைத்திருக்கிறேன், மூடி இருக்கிற முனை கொஞ்சம் தாழ்ந்த மாதிரி. மொத்தம் 28 லிட்டர் பிடிக்கிறது.

முனையில் ஒட்டுகிற மூடி போடாதீர்கள், திருகுகிற மூடி போடுங்கள். அதில் 2 மி.மீ. துளை ஒன்று. மழை நின்றதும் குழாயில் தங்கிய அழுக்குத் தண்ணீர் அந்தத் துளை வழியாகச் சில மணி நேரத்தில் தானாக வடிந்து, அடுத்த மழைக்குக் குழாய் காலியாக இருக்கும். துளையில் வேப்பிலைக் காம்பு மாட்டி அடைக்கும்தான், வாரம் ஒருமுறை மூடியைத் திருகிக் கொட்டிவிடுங்கள். முதல் தடவை திருகும்போது தள்ளி நின்று திருகுங்கள். துளை அடைத்திருந்தால் ஆறடி உயரத் தண்ணீர் ஒரே மூச்சில் காலில் பாயும், கறுப்பாக, மயில் எச்ச வாடையோடு. அதைப் பார்த்த பிறகு இந்தக் குழாய் எதற்கு என்று வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாழையடியில் கொட்டினால் வாழை நன்றாகவே எடுத்துக்கொள்கிறது.

டியின் பக்கக் கிளை தொட்டி வாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும், தொட்டியை நோக்கி லேசான இறக்கத்தோடு. இதை மறந்துவிட்டுத் தொட்டியை வாங்கி வந்து, வாய் டியைவிட ஒரு சாண் உயரத்தில் நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. முதலில் தொட்டி, அப்புறம் பீடம், அதற்கு அப்புறம்தான் குழாயை வெட்ட வேண்டும்.

தொட்டி, பீடம், என் சாய்ந்த கதை

200 லிட்டர் நீல டிரம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள், மூடியைத் திறந்து முகருங்கள். ஊறுகாய், எண்ணெய், சர்க்கரைப் பாகு என்றால் கழுவிக்கொள்ளலாம். மருந்து, ஆசிட், கெமிக்கல் வாடை என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். குறுகிய வாய் டிரம்மைவிட முழு மூடி திறக்கிற டிரம் நல்லது, உள்ளே கையை விட்டு நட்டு முடுக்க அதுதான் வசதி. ஓரளவு இடமும் காசும் இருந்தால் 500 அல்லது 1,000 லிட்டர் சின்டெக்ஸ் மாதிரித் தொட்டி ஒன்றே நிம்மதி. கம்பிக் கூண்டுக்குள் இருக்கிற வெள்ளைத் தொட்டி 1,000 லிட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கவோ சாக்குப் போர்த்தவோ தயாராக இருங்கள். வெளிச்சம் உள்ளே போனால் பச்சைப் பாசி கட்டி, பூவாளியின் கண்ணெல்லாம் அடைத்துவிடும்.

இப்போது என் கதை. முதல் தடவை நான் வைத்தது 500 லிட்டர்த் தொட்டி. தரையைச் சும்மா காலால் தட்டிச் சமப்படுத்தி, மூன்று வரிசைச் செங்கலைக் காரை இல்லாமல் அடுக்கி, அதன் மேல் தூக்கி வைத்தேன். நிறைந்தால் வழிவதற்கு முக்கால் அங்குலக் குழாய் ஒன்று, அதன் வாய் தொட்டியின் காலடியிலேயே. ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. மணிக்கு 5 செ.மீ. அடிக்கிற மழையில் அந்தச் சாய்ப்பிலிருந்து நிமிஷத்துக்கு ஒன்றரைக் குடம் இறங்கும். முக்கால் அங்குலக் குழாய் அதைத் தாங்குமா? மூடி வழியாகவும் வழிந்து, எல்லாம் பீடத்தின் அடியிலேயே விழுந்திருக்கிறது. காய்ந்தால் கல் மாதிரி இருக்கிற நம் செம்மண் நனைந்தால் கேப்பைக் களி. விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டி அரை டன் கனத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருக்கிறது, டி பிய்ந்து தொங்குகிறது. சுவர் இருந்ததால் தப்பித்தேன். பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால்? 1,000 லிட்டர் என்றால் ஒரு டன், ஒரு டிரம்மே 200 கிலோ, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் பீடம் இப்படி: தொட்டியைவிட ஒரு சாண் அதிகமாக எல்லாப் பக்கமும் இடம் விட்டு, முக்கால் அடி தோண்டி, சரளையைக் கொட்டித் தண்ணீர் விட்டு திம்சுக்கட்டையால் இடியுங்கள். அதன் மேல் செங்கலோ செம்புறாங்கல்லோ காரை வைத்துக் கட்டி, மேலே கடப்பாக் கல் அல்லது சின்னதாக ஒரு கான்கிரீட் தளம். மட்டம் பார்த்து, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுகவிட்டு, அப்புறம் தொட்டி. உயரம் ஒன்றரை முதல் இரண்டடி போதும், குழாய்க்குக் கீழே வாளியோ பூவாளியோ நுழைந்தால் சரி. இன்னும் தூக்கினால் தண்ணீர் பீய்ச்சும் என்று நினைப்பது வீண். பத்து மீட்டர் தூக்கினால்தான் ஒரு கிலோ அழுத்தம் வரும், இரண்டடிக்கும் மூன்றடிக்கும் ஒன்றும் தெரியாது, சாய்கிற ஆபத்துதான் கூடும்.

வழிகிற குழாய் உள்ளே வருகிற குழாயின் பருமனுக்கே இருக்கட்டும். 4 அங்குலம் உள்ளே என்றால் 4 அங்குலம் வெளியே. அதைப் பீடத்திலிருந்தும் வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து விடாதீர்கள். தண்ணீர்ச் சண்டை நம் ஊரில் பஞ்சத்தில் மட்டும் வருவதில்லை.

எடுக்கிற குழாய்க்குத் தொட்டியின் அடியிலிருந்து நாலு அங்குலம் மேலே துளை போடுங்கள், வண்டல் அடியில் தங்கிவிடும். ஹோல் சா இருந்தால் துளை வட்டமாக வரும். கம்பியைக் காய்ச்சிக் குத்தினால் கோணலாகி எத்தனை எம்-சீல் அப்பினாலும் கசியும். ஓர் அங்குல டேங்க் நிப்பிள், உள்ளும் புறமும் ரப்பர் வாஷர், மரையில் டெஃப்லான் டேப் ஏழெட்டுச் சுற்று, அப்புறம் பால் வால்வ். அரை அங்குலப் பித்தளைக் குழாய் வேண்டாம், அழுத்தம் இல்லாத தண்ணீர் அதில் நூல் மாதிரிதான் வரும், ஒரு பூவாளி நிறைவதற்குள் சலித்துவிடுவீர்கள்.

ஒரு டிரம் போதாமல் இரண்டு மூன்று வைப்பதானால், எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, அடியில் ஓர் அங்குலக் குழாயால் இணைத்துவிடுங்கள். ஒன்றில் விழுந்தால் எல்லாவற்றிலும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். தண்ணீர் வந்து விழுகிற டிரம்மிலேயே வழிகிற குழாய் இருக்கட்டும், மற்றதில் காற்றுப் போக மூடியில் சின்னத் துளையும் அதன் மேல் வலையும். ஒவ்வொரு டிரம்முக்கும் தனி வால்வ் போட்டால் ஒன்றைக் கழுவும்போது மற்றது பிழைக்கும்.

கொசு

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இந்த மாதிரி தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே தொட்டிக்குள் திறந்திருக்கிற ஒவ்வொரு வாய்க்கும் நுண்வலை: உள்ளே வருகிற இடம், வழிகிற குழாயின் நுனி, காற்றுத் துளை. வழிகிற குழாயை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், கொசு அதன் வழியாக உள்ளே போகத் தயங்காது. மூடி பொருந்தாவிட்டால் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். இவ்வளவுக்கும் பிறகு புழு நெளிந்தால் நாலைந்து கப்பி மீனை விட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் முழுவதையும் செடிக்கு ஊற்றித் தொட்டியைக் காலி செய்யுங்கள், அதுதான் நல்ல மருந்து, புழு காய்ந்த மண்ணில் பிழைக்காது.

குரங்கு வருகிற தெருவாக இருந்தால் மூடிக்கு ஒரு கொக்கி போட்டுவிடுங்கள். கல் வைத்தால் கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டுப் போகிறது.

செடிக்கு ஊற்றுவது

போர்த் தண்ணீர் ஊற்றின தொட்டிச் செடிகளில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீரில் அந்த உப்பு இல்லை. கறிவேப்பிலையும் மல்லிகையும் இரண்டு வாரத்தில் துளிர் விடுவதைப் பார்த்தால் தெரியும். அதனால் தண்ணீர் குறைவாக இருக்கிற நாளில் எல்லாவற்றுக்கும் பங்கு போடாமல் தொட்டிச் செடிக்கும் நாற்றுக்கும் மழைத்தண்ணீர், முருங்கைக்கும் தென்னைக்கும் போர்த் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கடையில் விற்கிற சாதாரண சொட்டுநீர்க் குழாய் இந்த அழுத்தத்துக்குச் சரியாக வேலை செய்யாது. மெல்லிய மைக்ரோ டியூபை நேரடியாக லைனில் குத்தி, செடிக்கு ஒன்றாக விட்டால் ஓரளவு ஓடும், முன்னால் ஒரு வலை ஃபில்டர் கட்டாயம். என்னைக் கேட்டால் ஓர் அங்குல ஓஸ் அல்லது பூவாளியே போதும், காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வேரடியில். பாத்தியில் வேப்பஞ்சருகோ தென்னை மட்டையோ மூடாக்காகப் போட்டிருந்தால் பதின்மூன்று நாள் தண்ணீர் இன்னும் சில நாள் இழுக்கும். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள், அப்பத்தா குடித்தார் என்பது வாஸ்தவம்தான், அவர் பிடித்தது அன்றன்றைக்கு, துணி கட்டிய பித்தளையில், கண் முன்னால்.

மிஞ்சியது

5 செ.மீ. மழையில் தொட்டி நிறைந்துவிடும், அதற்கு மேல் வருவதுதான் அதிகம். வீட்டில் கிணறு இருந்தால் வழிகிற குழாயை அதற்குத் திருப்புங்கள். நேராக விடாமல் நடுவில் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி கட்டி, அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் ஆற்று மணல் போட்டு, குழியின் அடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு குழாய். டியில் கழுவிய தண்ணீர்தான் வருகிறது என்பதால் மணலின் மேல் தோலை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். கிணறு இல்லாவிட்டால் செப்டிக் டேங்க்கிலிருந்து தள்ளி, வீட்டிலிருந்து பத்தடிக்கு அப்பால் மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்தில் உறிகுழி. தோண்டிய உடனே ஜல்லி கொட்டிவிடாதீர்கள். நாலு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், காலையில் ஊற்றியது சாயங்காலம் வரை நின்றால் செம்புறைப் பாறை குறுக்கே இருக்கிறது, இன்னும் தோண்டுங்கள் அல்லது இடத்தை மாற்றுங்கள். சித்திரைக்குச் சேமிக்கிற இடம் மண்ணுக்கு அடியில்தான், பிளாஸ்டிக்கில் இல்லை.

பங்குனியில் தொட்டி காய்ந்துபோகும். அப்போது டிரம்மைக் கவிழ்த்து, அடி வண்டலைச் சுரண்டிச் செடிக்குப் போட்டுவிட்டு, உள்சுவரைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலேயே பல மாதம் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும், அதனால் வெறுமனே அலசுவது போதாது. ஆடி பிறப்பதற்குள் ஒரு தடவை வாய்க்காலில் இருக்கிற சருகை வழித்து, கோழி வலை உருண்டையை உதறி, மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாய்க்கால் கசிகிறதா, டி சொட்டுகிறதா என்று அந்த ஒரு வாளியிலேயே தெரிந்துவிடும். பிறகு திருகு மூடியை முடுக்கிவிட்டு, சாயங்காலம் மேற்கே கறுக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.